காகிதப்பூவும் மஞ்சள் சுவரும்

சுற்றுச்சுவருக்கு என்ன வண்ணம் என்று சென்ற கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். அதன் ஓரத்தில் என்ன செடி என்று யாரும் கேட்கவில்லை.

செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போய் வந்தவர்கள் அங்குள்ள பிரெஞ்சுப் பகுதித் தெருக்களை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மேலே கொத்துக் கொத்தாகக் காகிதப்பூ. அந்தச் செடி நம் நாட்டுடையது அல்ல, பிரான்சுடையதும் அல்ல. 1767-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அதைச் சேகரித்தவர் தாவரவியலாளர் பிலிபேர் கொமர்சன். பயணத் தலைவர் புகன்வில்லின் பெயரால் அது போகன்வில்லா ஆயிற்று. கொமர்சனின் உதவியாளர் ஜான் பாரே, ஆண் வேடத்தில் கப்பலேறிய பெண். (அவர் பெயரை வைத்திருக்கலாம்!)

நிறம் காட்டுவது இதழ் அல்ல, பூவைச் சூழ்ந்த இலைகள். உண்மையான பூ, நடுவிலுள்ள சிறு வெள்ளைக் குழல். நம்மூர் வெயில் இதற்கு ஏற்றது. தண்ணீர் மிஞ்சினால் இலைதான் பெருகும்.

ஆனால் பலர் கேட்கும் செங்கல் நிறச் சுவரில் இது எடுபடாது. அங்கே வெள்ளை நந்தியாவட்டைதான் சரி. பெயின்ட் வாங்குமுன் இதையும் பேசி முடிப்போம்.