வெள்ளியைச் செய்தவர் யார்? அணிந்துகொள்ள விடாதவர் யார்?

கீழ் கோத்தகிரிக்குப் பேருந்தில் போகிறவர்களில் பெரும்பாலோர் ஊர்ப்பெயரைப் பற்றி யோசிப்பதில்லை. கோத்தர்களின் மலை என்பதுதான் கோத்தகிரி. கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்று கீழ் கோத்தகிரியில் இருக்கிறது. அவர்கள் மொழியில் அதன் பெயர் கீனார். ஊர்ப்பெயரிலேயே ஒரு மக்கள் இருக்கிறார்கள். ஆனால் நீலகிரி என்றதும் நமக்குப் பாடப்புத்தகம் காட்டியது கலெக்டர் ஜான் சல்லிவனை, உருளைக்கிழங்கை, தேயிலையை.

தோழர்களே, இந்தக் கட்டுரை வெள்ளியைப் பற்றியது. அழகுப் பொருளுக்கும் நம் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நீலகிரி மேட்டில் தோடர்கள் எருமை வளர்த்தார்கள். படுகர்கள் வேளாண்மை செய்தார்கள். குறும்பர்களிடமிருந்து தேனும் காட்டுப் பொருளும் வந்தன. இவர்கள் அனைவருக்கும் கத்தி, கோடரி, மண்வெட்டி, அரிவாள் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். மரவேலை, தோல்வேலை, கயிறு திரிப்பது எல்லாம் அவர்களுடையது. பானை வனைந்தவர்கள் கோத்தர் பெண்கள். மோதிரம், வளையல் என்று வெள்ளியிலும் பொன்னிலும் நகை செய்ததும் கோத்தர்கள்தான். சமவெளியில் இந்த வேலைகளைத் தட்டான், கொல்லன், தச்சன், குயவன், சக்கிலியர் என்று தனித்தனிச் சாதிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மலையில் ஒரே மக்கள் அத்தனையும் செய்தார்கள்.

வெள்ளி வேலை எப்படி நடக்கும்? கரி உலையைத் துருத்தியால் ஊதிச் சூடேற்ற வேண்டும். வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் தேவை. மூசையில் உருக்கி வார்த்து, பட்டடையில் வைத்துத் தட்டித் தகடாக்குவார்கள். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். இறுகியதை மறுபடி நெருப்பில் காட்டி இளக்காமல் தட்டினால் விரிசல் விட்டுவிடும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லித்தர அன்று எந்தக் கருவியும் கிடையாது. தகட்டின் நிறமும் சுத்தியல் எழுப்பும் ஓசையும்தான் கணக்கு. பூவோ உருவமோ வேண்டுமென்றால் தகட்டை அரக்கின்மேல் பதித்து, பின்பக்கத்திலிருந்து சிற்றுளியால் புடைக்க வைத்து, முன்பக்கத்தில் நுணுக்கமாகச் செதுக்குவார்கள். இதுதான் நகாசு வேலை. நீலகிரியில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. இந்தியக் கிராமங்களில் பரவலாக நடந்ததுபோல, ரூபாய் நாணயம்தான் உருகி நகையானது. 1835-க்குப் பிறகு வந்த கம்பெனி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் ரூபாய் நிக்கல் ஆனது. ஏழையின் வீட்டில் வெள்ளி என்பது சேமிப்பு. மருத்துவச் செலவு வந்தால் அடகுக்கடைக்குப் போகும் கொலுசு அது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

கோத்தர்களுக்கு உலை வெறும் பிழைப்பு மட்டும் இல்லை. அவர்களுடைய தெய்வம் கம்பட்டராயர். அவருக்கும் அவர் துணைவிக்கும் சிலை கிடையாது. மெல்லிய இரண்டு வெள்ளித் தகடுகளே தெய்வ வடிவம் என்று 19-ஆம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண்டுத் திருவிழாவில் கோயிலிலேயே உலை மூட்டி, சின்னதாக ஒரு கோடரியோ கத்தியோ அடித்தாக வேண்டும் என்றும் அதே பதிவு சொல்கிறது. உழைப்பையும் கருவியையும் வழிபாட்டின் நடுவில் வைத்த மக்கள் இவர்கள்.

இப்படிப்பட்ட மக்களுக்கு மலையில் என்ன மரியாதை கிடைத்தது? ஒவ்வொரு கோத்தர் குடும்பமும் பரம்பரையாகச் சில படுகர் குடும்பங்களோடு பிணைக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குக் கருவியும் பானையும் கொடுக்க வேண்டும். சாவுக்கும் விழாவுக்கும் போய் வாசிக்க வேண்டும். பதிலுக்கு ஆண்டுக்கொரு முறை தானியம் வரும். தோடர் சாவில் வெட்டிய எருமையின் உடல் கோத்தர்களுக்கு. ஆனால் தோடர்களின் பால்மனைக்குள்ளோ படுகர் வீட்டுக்குள்ளோ கோத்தர் நுழையக் கூடாது. செத்த எருமையைத் தின்கிறவர்கள், சாவுக்கு வாசிக்கிறவர்கள், ஆகவே தீட்டு. அவர்கள் செய்த வளையல் உள்ளே போகும், அவர்கள் போக முடியாது.

இந்தக் கதை உங்களுக்குப் பழக்கமானதாகத் தெரிகிறதா? பறையும் சேரியும் நினைவுக்கு வருகின்றனவா? கோத்தர்கள் பட்டியல் பழங்குடியினர். அவர்கள் வரலாறு வேறு, நம் வரலாறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஆனால் தீட்டு வேலை செய்யும் முறை ஒன்றுதான்: பொருள் வேண்டும், செய்தவர் வேண்டாம். சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வாதிட்டார். மலையிலும் அதுதான் நடந்தது.

இனி வெள்ளியை அணிகிறவர்கள் பக்கம் வருவோம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பட்டியலின் முதல் தடை என்ன தெரியுமா? தங்கத்திலும் வெள்ளியிலும் நகை அணியக் கூடாது. அதற்குப் பிறகுதான் மற்றவை: முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்கள் வன்முறையைச் சந்தித்தார்கள். ஒரு கால் கொலுசு ஆதிக்கத்தை எவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது, பாருங்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் நீலகிரியிலும் தலைமுடியும் தலைப்பாகையும் போராட்டக் களமாயின. கோத்தர்களில் சில ஆண்கள் படுகர்களைப் போலத் தலைப்பாகை கட்டியபோது வழிமறித்து அடிக்கப்பட்டார்கள். ஆங்கிலம் படித்து ஆசிரியரான சுள்ளி என்ற கோத்தர், குடுமியை அறுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். பிறர் சாவுக்கு வாசிப்பதையும் செத்த எருமை இறைச்சியையும் விட்டுவிட வேண்டும் என்று தம் மக்களிடம் பேசினார். முதலில் எதிர்த்தவர்கள் சொந்த ஊர்க்காரர்களே. பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் வந்தார்கள். 1930-களில் மொழியியலாளர் எமனோவுக்கும் மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாமுக்கும் கோத்தர் மொழியையும் கதைகளையும் சொல்லிக் கொடுத்தவர் இதே சுள்ளிதான். எமனோ 1944 முதல் 1946 வரை வெளியிட்ட கோத்தர் கதைத் தொகுதிகள் அவர் வாயிலிருந்து வந்தவை.

இங்கேதான் நமக்கான கடினமான கேள்வி இருக்கிறது. இழிவு ஒட்டியிருக்கும் கலையை விட்டுவிடுவதா, இழிவை உதறிவிட்டுக் கலையை வைத்துக்கொள்வதா? பறையைப் பற்றி நாம் இன்றைக்கும் இதைத்தான் விவாதிக்கிறோம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கொளுத்தியவர்களும் நம் முன்னோர்கள், அதையே விடுதலையின் இசையாக மேடையேற்றியவர்களும் நம் தோழர்கள். என் கருத்து இது: கட்டாயத்தை மறுத்த பிறகுதான் கலை நம்முடையதாகிறது. சுள்ளி மறுத்தது இசையை அல்ல, கைகட்டி நின்று வாசிப்பதை. கோத்தர்கள் தங்கள் தெய்வத் திருவிழாவில் தங்களுக்காக இன்றும் வாசிக்கிறார்கள், ஆடுகிறார்கள்.

ஆனால் கைத்தொழில் அந்த அளவு தாக்குப்பிடிக்கவில்லை. ஆலையில் செய்த இரும்புக் கருவியும் சந்தைப் பாத்திரமும் மலையேறி வந்தபோது, தானியம் கொடுத்துக் கோத்தரிடம் வாங்க வேண்டிய தேவை குறைந்தது. வெள்ளி நகையும் நகரத்துக் கடைக்குப் போனது.

அதே 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மவுண்ட் ரோடில் பி.ஆர். அண்ட் சன்ஸ் நிறுவனம் தெய்வ உருவங்கள் புடைத்த வெள்ளித் தேநீர்ச் சாமான்களை ஆங்கிலேயர்களுக்கு விற்றது. ‘சுவாமி வேலை’ என்று உலகச் சந்தையில் அதற்குப் பெயர். இன்று ஏலக்கூடங்களில் அவற்றின் அடியில் நிறுவன முத்திரை தெரிகிறது. சிற்றுளி பிடித்தவரின் பெயர் தெரிவதில்லை. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் கல்கத்தா அருங்காட்சியகத்துக்காக மலைமக்களின் பொருட்களைச் சேகரித்தார். அவர் இறந்த பிறகு 1873-இல் வெளிவந்த நூலில் அவர் பெயர் இருக்கிறது. பொருளைச் செய்தவர்களுக்குப் ‘பழங்குடி’ என்ற ஒற்றைச் சொல்தான் மிச்சம்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளிப் பொருளைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் செய்தது யார்? அவர் எந்த வாசலில் நிறுத்தப்பட்டார்? இதை அணியக் கூடாது என்று யாருக்குத் தடை இருந்தது? உங்கள் பாட்டியிடமும் கேளுங்கள், எந்த வயதில் முதன்முதலாகக் கொலுசு போட்டார், அப்போது ஊரில் யார் முகம் சுளித்தார் என்று. அந்தப் பதிலை எழுதி வையுங்கள். நம் வரலாறு அப்படித்தான் சேர வேண்டும்.

ஜெய் பீம்.