மேற்கோள் எண்ணிக்கையும் இணைப்பு வலையும்: தனிநாயக அடிகளின் தாக்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

பினாங்கின் இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டபின் பத்து காவானின் முகம் வேகமாக மாறியது. 19ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த தோட்ட நிலத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. இதே தென் செபராங் பிறையில், நிபோங் தெபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் இயங்குகிறது. இவ்வட்டாரத்தில் ஆய்வு செய்யும் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பொறியியலாளர். ஐந்தாறு பேரோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஆங்கில ஆய்விதழ்களில் எழுதுகிறார். மற்றவர் தோட்டத் தமிழரின் வரலாற்றைத் தனியே ஆராய்ந்து, பல ஆண்டு உழைப்பில் ஒரு நூலை முடிக்கிறார். தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், பழைய தமிழ் நாளேடுகள் ஆகியவை அவருடைய சான்றுகள். பதவி உயர்வுக் குழு இருவரையும் மேற்கோள் எண்ணிக்கை என்ற ஒரே கோலால் அளந்தால் இரண்டாமவர் பின்தங்குவார். அந்தப் பின்னடைவில் அவருடைய புலமையைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை என்பதே என் வாதம்.

ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-சுட்டெண்ணின் கணக்கு எளிது. ஒருவரின் ஐந்து கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு ஐந்து. ஒரே ஒரு நூல் எழுதி, அதை ஐந்நூறு பேர் மேற்கோள் காட்டினாலும் அவருக்கு ஒன்றுதான். அந்த ஐந்நூறு பேரும் தமிழ் நூல்களிலும் மலர்களிலும் மேற்கோள் காட்டியிருந்தால் அந்த ஒன்றும் கிடைப்பது அரிது. 2004இல் தொடங்கிய ஸ்கோப்பஸ் போன்ற மேற்கோள் தரவுத்தளங்களில் தமிழ் எழுத்தில் வரும் பதிப்புகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மேற்கோள் அட்டவணை ஆளை அளக்கப் பிறந்த கருவி அன்று. யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் அதை முன்மொழிந்தபோது, ஒரு கருத்து எங்கெல்லாம் சென்று சேர்ந்தது என்று தேடிப் பிடிக்கும் வழியாகவே அதைக் கண்டார். அதற்கும் முன்பே, 1948இல், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த சீ. இரா. அரங்கநாதன், நூலகப் பணிகளைப் புள்ளியியலால் ஆராயும் 'லைப்ராமெட்ரி' என்ற துறை வேண்டும் என்றார். அவருடைய கணக்குகள் வாசகருக்குப் பணி செய்வதற்கானவை. அறிஞர்களை வரிசைப்படுத்தும் வேலை பின்னர் இக்கருவிகளின் மீது ஏற்றப்பட்டது.

எண்ணிக்கையின் குறையை ஈடுசெய்ய இன்று கூட்டாய்வு வலையை முன்வைக்கிறார்கள். இணைந்து கட்டுரை எழுதிய இருவரை ஒரு கோட்டால் இணைத்து, யார் எத்தனை குழுக்களுக்குப் பாலமாக இருக்கிறார் என்று பார்ப்பது இதன் வழி. மார்க் நியூமன் 2001இல் அறிவியலாளர்களின் வலைகளை இப்படி ஆராய்ந்து காட்டினார். இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் கோடு வரைய எதைச் சான்றாகக் கொள்வது என்பதில்தான் தமிழியல் தவறவிடப்படுகிறது.

சேவியர் தனிநாயக அடிகளை எடுத்துக்கொள்வோம். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' ஆங்கில இதழைத் தொடங்கியவர். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். 1964 ஜனவரியில் புதுதில்லியில் உலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்தபோது, அங்கே கூடியிருந்தவர்களைக் கொண்டே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். பாரிஸின் ஃபிலியோசா தலைவரானார். ஆக்ஸ்ஃபோர்டின் பரோ, பெர்க்லியின் எமனோ, லெய்டனின் கைப்பர் ஆகியோருடன் தமிழகத்திலிருந்து மு. வரதராசனும் தெ. பொ. மீனாட்சிசுந்தரனும் துணைத்தலைவர்கள். பிராகாவின் கமில் சுவலபிலும் அடிகளும் செயலாளர்கள். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இப்போது இணை ஆசிரியர் வலையை வரைந்து பாருங்கள். பரோவும் எமனோவும் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டவர்கள். அவர்களுக்கு இடையே கோடு விழும். முக்கிய நூல்களைத் தனித்தே எழுதிய அடிகளுக்கு இவர்களோடு ஒரு கோடும் விழாது. அத்தனை பேரையும் ஓர் அமைப்பில் சேர்த்தவர் வரைபடத்தின் ஓரத்தில் தனிப்புள்ளியாக நிற்பார். மன்றப் பொறுப்பு, பதிப்பாசிரியப் பணி, மாநாட்டு அழைப்பு, முன்னுரைகளில் வரும் நன்றியுரை ஆகியவற்றைக் கொண்டு அதே வலையை வரைந்தால் அவர் நடுவே வந்துவிடுவார். லின்டன் ஃப்ரீமன் 1977இல் வகுத்த அளவையும் இதையே கேட்கிறது: பிறர் இருவருக்கு இடையிலான மிகக் குறுகிய வழிகளில் எத்தனை இவர் வழியே செல்கின்றன?

அடிகளின் வேறு இரு பணிகளும் இங்கே பொருந்தும். 1966இல் தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டி நூற்பட்டியலை வெளியிட்டார். அதே ஆண்டில், 1679ஆம் ஆண்டின் புரோயென்சா தமிழ்–போர்த்துகீசிய அகராதியை மீண்டும் பதிப்பித்தார். நூற்பட்டியலைப் பயன்படுத்துபவர் அதன் வழியே கண்டடைந்த நூலைத்தான் அடிக்குறிப்பில் காட்டுவார். வழிகாட்டியின் பெயரை எழுதுவது அபூர்வம். மலேசிய, சிங்கைத் தமிழ் நூல்களைப் பட்டியலிட்டு இராம சுப்பையா 1969இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா'வுக்கும் இதே நிலைதான். பிறருடைய ஆய்வுக்கு அடித்தளமான இந்த உழைப்பை எண்ணிக்கை தொடுவதே இல்லை என்பது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. நன்றியுரையும் மாநாட்டு அழைப்பும் நட்பாலும் செல்வாக்காலும் கிடைப்பவை. எண்ணிக்கையாவது சிபாரிசுக்கு வளையாது என்பார்கள். சிறு துறைகளில் இந்த அச்சம் நியாயமானது. ஆனால் மேற்கோளும் வளைகிறது: தன்னைத் தானே மேற்கோள் காட்டுவதும், ஒருவரையொருவர் காட்டிக்கொள்ளும் குழுக்களும் உலகெங்கும் அறியப்பட்டவை. ஆய்வு மதிப்பீட்டைப் பற்றி 2012இல் தோன்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015இன் லெய்டன் அறிக்கையும் ஆய்வைப் படித்து மதிப்பிடும் பொறுப்பை மீண்டும் நிபுணர்களிடமே ஒப்படைத்தன. உள்ளூர் மொழிகளில் வரும், வட்டாரத்துக்குப் பயன்படும் ஆய்வைக் காக்க வேண்டும் என்பதை லெய்டன் அறிக்கை தனி நெறியாகவே வைத்தது. வலை வரைபடம் அந்த நிபுணர்களின் கையில் ஒரு சான்றாக இருக்கட்டும். தீர்ப்பை அவர்கள் படித்துச் சொல்லட்டும்.

வரைவதற்கு முதலில் தரவு வேண்டும். 1966 மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிகளின் அடிக்குறிப்புகளையும் 'தமிழ் மலேசியானா'வின் பதிவுகளையும் எண்ணிமப்படுத்தினாலே தொடக்கம் கிடைத்துவிடும். அடுத்து வருவது மலர்கள். தோட்டம் கலைந்து குடும்பங்கள் இடம்பெயரும் பத்து காவான் போன்ற ஊர்களில் பள்ளி மலர்களும் கோயில் மலர்களும் வீடுகளில் இருக்கும்போதே பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைக் கேட்டு வாங்கி, ஆசிரியர் பெயரோடும் ஆண்டோடும் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறாத மலரை எந்த ஆய்வாளரும் மற்றவர் சரிபார்க்கும்படி மேற்கோள் காட்ட முடியாது.