இரவல் பாட்டு, சொந்தக் குரல்: ‘தி லயன்ஸ் ரோர்’

இன்னைக்கு ஒரே ஒரு ஆல்பம். பேர் ‘தி லயன்ஸ் ரோர்’, 2012 ஜனவரியில் வந்தது. பாடினது ஃபர்ஸ்ட் எய்ட் கிட். ஸ்டாக்ஹோம் புறநகரில் வளர்ந்த அக்கா தங்கச்சி, யோஹன்னா சோடர்பெர்க், கிளாரா சோடர்பெர்க். அது அவங்களோட ரெண்டாவது ஆல்பம். அப்போ அக்காவுக்கு வயசு 21, தங்கச்சிக்கு 19.

கண்ணை மூடிட்டுக் கேட்டா, அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர்ல பிறந்து வளர்ந்தவங்க பாடுற மாதிரி இருக்கும். அதனாலேயே இந்த ஆல்பத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ஒரு கேள்வி வரும். ஸ்வீடன் பொண்ணுங்களுக்கு அமெரிக்க நாட்டுப்புற இசையில் என்ன வேலை? இது அவங்க பாட்டா, இல்ல இரவல் வாங்கினதா?

பதில் சொல்றதுக்கு முன்னாடி, இந்த இசை அவங்க வீட்டுக்குள்ள எப்படி வந்ததுன்னு பார்ப்போம்.

கிளாராவுக்கு 12 வயசு இருக்கும்போது பிரைட் ஐஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாட்டு காதில் விழுது. அந்தக் குழுவின் பாடகர் கானர் ஓபர்ஸ்ட், நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் ஓமஹா நகரத்துக்காரர். அந்தப் பாட்டைப் பிடிச்சுக்கிட்டு கிளாரா பின்னாடியே போறாங்க: பாப் டிலன், ஜானி கேஷ், அப்புறம் கார்ட்டர் ஃபேமிலி. இந்தக் கடைசிப் பேர் முக்கியம். 1927இல் டென்னசி மாநிலம் பிரிஸ்டலில், ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் கம்பெனிக்காகப் பாட்டுகளைப் பதிவு செஞ்சார். அங்கே பாட வந்தவங்கதான் ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, அவர் தம்பி மனைவி மேபெல். அமெரிக்க கன்ட்ரி இசையின் ஆரம்பப் புள்ளிகளில் ஒண்ணுன்னு அந்தப் பதிவைச் சொல்வாங்க. அதாவது அந்த இசையின் வேர்லயே ஒரு குடும்பம் சேர்ந்து பாடுது. பிறகு வந்த லூவின் சகோதரர்கள், எவர்லி சகோதரர்கள் எல்லாரும் அந்த வழியில் வந்தவங்கதான்.

கூடப்பிறந்தவங்க சேர்ந்து பாடும்போது அப்படி என்ன விசேஷம்? ஒரே வீட்டில் பேசிப் பழகினவங்க உயிரெழுத்துகளை ஒரே மாதிரி உச்சரிப்பாங்க. ஒருத்தர் எங்கே மூச்சு எடுப்பார்னு இன்னொருத்தருக்குத் தெரியும். அதனால ரெண்டு குரலும் ஒட்டினது தெரியாம ஒட்டிக்கும். இங்கிலீஷ்ல இதுக்கு ‘பிளட் ஹார்மனி’ன்னே பேர் இருக்கு.

2008இல் இந்த ரெண்டு பேரும் காட்டுக்குள்ள உட்கார்ந்து, ஃப்ளீட் ஃபாக்ஸஸ் குழுவின் ஒரு பாட்டைப் பாடி யூட்யூப்ல போட்டாங்க. அதுதான் வெளியுலகத்துக்கு அவங்களைக் காட்டினது. 2010இல் முதல் ஆல்பம், ‘தி பிக் பிளாக் அண்ட் தி ப்ளூ’. தயாரிச்சது அவங்க அப்பா பெங்க்ட். அவரும் லொலிட்டா பாப் என்ற ராக் குழுவில் இருந்தவர்தான். பெரும்பாலும் குரலும் கிட்டாரும் மட்டும். அழகா இருக்கும், ஆனா வீட்டுக்குள்ளேயே பாடுற பாட்டு.

ரெண்டாவது ஆல்பத்துக்கு வீட்டை விட்டு வெளியே வந்தாகணும். எங்கே போனாங்க தெரியுமா? நேரா ஓமஹாவுக்கு. தயாரிப்பாளர் மைக் மோகிஸ், பிரைட் ஐஸ் குழுவில் ஒருத்தர். கிளாராவை 12 வயசுல இந்தப் பக்கம் இழுத்த அதே ஆட்களோட ஸ்டூடியோ! அங்கே டிரம்ஸ் சேருது, வயலின்கள் சேருது, பெடல் ஸ்டீல் கிட்டார் சேருது. நோட்டுக்கு நோட்டு வழுக்கிட்டுப் போய் அழுகிற மாதிரி கேக்குமே, அந்தக் கிட்டார். கடைசிப் பாட்டு ‘கிங் ஆஃப் தி வேர்ல்ட்’ல கானர் ஓபர்ஸ்ட்டே வந்து கூடப் பாடுறார்.

ஆனா ஆல்பத்தின் உயிர் ரெண்டாவது பாட்டு, ‘எமிலூ’. 1973இல் கிராம் பார்சன்ஸ் என்ற பாடகரின் தனி ஆல்பத்தில் துணைக்குரல் பாட வந்தவர் எமிலூ ஹாரிஸ். அதே வருஷம் செப்டம்பரில், 26 வயசுல, பார்சன்ஸ் இறந்துட்டார். அவர் பாட்டுகளை அதுக்கப்புறம் பல வருஷம் சுமந்தவர் எமிலூதான். இந்தச் சகோதரிகள் அந்த ஜோடியையும், ஜானி கேஷ் - ஜூன் கார்ட்டர் ஜோடியையும் பேர் சொல்லியே பல்லவியில் வைக்கிறாங்க. ஜூன் யார்? அந்த மேபெல் கார்ட்டரோட பொண்ணு. காதலிக்கச் சொல்லிக் கேக்காம, சேர்ந்து பாடச் சொல்லிக் கேக்குற பாட்டு இது.

நம்ம ஓப்பன் சோர்ஸ் ஆட்களுக்கு இது சட்டுனு புரியும். அடுத்தவங்க கோடை எடுத்து மேல கட்டுறது தப்பே இல்ல. எழுதினவங்க பேரை அழிக்கிறதுதான் தப்பு. இரவல் வாங்கினதை மறைக்காம, யார்கிட்ட வாங்கினோம்னு பல்லவியிலேயே எழுதிட்டாங்க இந்த ரெண்டு பேரும். அந்த நேர்மைதான் இதை அவங்க சொந்தப் பாட்டா ஆக்குதுன்னு எனக்குத் தோணுது. அமெரிக்கக்காரங்க மாதிரி நடிக்கவே இல்ல. தூரத்துல இருந்து கேட்டு வளர்ந்த ரசிகைகளாத்தான் பாடுறாங்க.

ஆல்பம் ஸ்வீடனில் முதலிடத்துக்குப் போச்சு. நார்டிக் மியூசிக் பிரைஸும் வாங்கிச்சு. ஆனா என் கேள்விக்கு உண்மையான பதில் 2015இல்தான் கிடைச்சது. ஆபாவின் மேனேஜர் ஸ்டிக் ஆண்டர்சன் தொடங்கின போலார் மியூசிக் பிரைஸ், அந்த வருஷம் எமிலூ ஹாரிஸுக்கு. ஸ்டாக்ஹோமில் விழா. மேடையில் அக்காவும் தங்கச்சியும் அதே பாட்டைப் பாடுறாங்க. கீழே உட்கார்ந்திருந்த எமிலூ கண்ணைத் துடைச்சுக்கிறார். அந்த இசைக்கே சொந்தக்காரர்னு சொல்லத்தக்க ஒருத்தர், தன் பேரை ஸ்வீடன் குரல்களில் கேட்டு அழுதார். இதுக்கு மேல வேற யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

10 பாட்டுதான். ஷஃபிள் போடாம வரிசையாக் கேளுங்க, முடிஞ்சா ஹெட்ஃபோன்ல. ‘எமிலூ’ வரும்போது எது அக்கா குரல், எது தங்கச்சி குரல்னு பிரிச்சுப் பாருங்க. முடியலைன்னா சந்தோஷப்படுங்க, பாட்டு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.