டிராஃப்ட்டில் முதலில் எந்த இடத்துக்கு ஆள் எடுப்பது?

1989 ஏப்ரலில் நடந்த என்.எஃப்.எல். டிராஃப்ட்டின் முதல் ஐந்து பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். டல்லாஸ் எடுத்தது டிராய் எய்க்மேன், குவார்ட்டர்பேக். கிரீன் பே எடுத்தது டோனி மாண்டரிச், டேக்கிள். டெட்ராய்ட்டுக்கு பேரி சாண்டர்ஸ், ரன்னிங் பேக். கேன்சஸ் சிட்டிக்கு டெரிக் தாமஸ், லைன்பேக்கர். அட்லாண்டாவுக்கு டியான் சாண்டர்ஸ், கார்னர்பேக். ஐந்து அணி, ஐந்து வெவ்வேறு இடம். இதில் நாலு பேர் இன்றைக்கு கேன்டன் நகரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். இல்லாதவர் மாண்டரிச் மட்டும். அவரை கிரீன் பே மூன்றே சீசனில் கைகழுவி விட்டது.

இந்தக் கதையை எல்லோரும் "ஆளைத் தப்பாக எடைபோட்டார்கள்" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது இன்னொரு கேள்வி. ஆள் யார் என்பதை விடுங்கள், எந்த இடத்துக்கு முதலில் ஆள் எடுக்க வேண்டும் என்பதை அணிகள் எப்படி முடிவு செய்தன? 90 வருட டிராஃப்ட் வரலாற்றில் இதற்கான விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஏன் மாறியது என்று பார்த்தால், மைதானத்தில் நடந்ததைவிட சம்பள ஒப்பந்தங்களில் நடந்ததுதான் அதிகக் காரணம் என்று தோன்றுகிறது.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி எறிபவர். ரன்னிங் பேக் அதை வாங்கிக்கொண்டு ஓடுபவர். டேக்கிள் என்பவர் எறிபவர் மேல் யாரும் வந்து விழாமல் தடுப்பவர். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அது ஒரு கல்லூரி ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லிவிட்டால் லீகில் வேறு எந்த அணியும் அவரிடம் பேரம் பேச முடியாது. பணத்தில் போட்டி போடவே இடமில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

1936: கரும்பலகையில் எழுதிய பெயர்கள்

இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். அதற்கு முன் கல்லூரி ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணியில் சேரலாம். பெல் வலைவீசிய மினசோட்டா பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஸ்டான் கோஸ்ட்கா, பல அணிகளைப் போட்டி போட வைத்துவிட்டு புரூக்ளின் அணிக்குப் போய்விட்டார். பணமுள்ள அணிகளுக்கே நல்ல ஆள் போகிறான், நாங்கள் கடைசியிலேயே கிடக்கிறோம் என்பது பெல்லின் வாதம். 1935 சீசனில் அவர் அணி 2 ஆட்டம் ஜெயித்து 9ல் தோற்றது. ஆக, அவர் சொன்ன திட்டத்தில் முதல் வாய்ப்பு அவருக்கே வந்தது.

1936 பிப்ரவரி 8, பிலடெல்பியாவின் ரிட்ஸ் கார்ல்ட்டன் ஹோட்டல். 9 அணிகள், 9 சுற்றுகள். முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர், ஹாஃப்பேக். அந்தக் காலத்தில் ஓடுவதும் எறிவதும் பெரும்பாலும் அந்த ஒரே ஆள் வேலை. அதனால் எந்த இடம் என்ற கேள்வியே பெரிதாக எழவில்லை. கதையில் திருப்பம் என்னன்னா, பெர்வாங்கர் கேட்ட சம்பளத்தை பெல்லால் கொடுக்க முடியவில்லை. உரிமையை சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றினார்கள், அங்கும் ஒத்துவரவில்லை. டிராஃப்ட் வரலாற்றின் முதல் ஆள் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், ஃபோம் ரப்பர் விற்கும் வேலைக்குப் போய்விட்டார்.

கூலியைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு ஏற்பாட்டில், கூலி பிடிக்காமல் எழுந்து போன முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம்.

ஓடுகிறவர்களின் காலம்

பிறகு பல காலம் ஓடுபவருக்கு முதல் மரியாதை இருந்தது. 1969ல் ஓ.ஜே. சிம்ப்சன், 1977ல் ரிக்கி பெல், 1978ல் ஏர்ல் கேம்ப்பெல், 1980ல் பில்லி சிம்ஸ், 1981ல் ஜார்ஜ் ரோஜர்ஸ். ஐந்து வருடத்துக்குள் நாலு முறை முதல் பெயர் ரன்னிங் பேக்.

ஆனால் தரை 1978லேயே நழுவ ஆரம்பித்துவிட்டது. அந்த வருடம் இரண்டு விதிகள் மாறின. பந்தைப் பிடிக்க ஓடுபவரை 5 கெஜத்துக்கு மேல் இடித்துத் தள்ளக்கூடாது. எறிபவரைக் காப்பவர்கள் கையை நீட்டி, உள்ளங்கையால் தடுக்கலாம். இரண்டுமே எறிவதை எளிதாக்கின. விதி மாறியதும் விலை மாற வேண்டும், இல்லையா? அணிகளுக்கு அது உறைக்க வருடக்கணக்கில் ஆனது.

1981 இதற்கு நல்ல சாட்சி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் முதலில் ஜார்ஜ் ரோஜர்ஸை எடுத்தது. அவர் ஏமாற்றவே இல்லை. முதல் சீசனிலேயே 1,674 கெஜம் ஓடி லீகிலேயே முதலிடம். அணி? 4 வெற்றி, 12 தோல்வி. இரண்டாவதாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்த ஆள் லாரன்ஸ் டெய்லர், குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் லைன்பேக்கர். அவர் ஆட்டத்தையே மாற்றிவிட்டார். செயின்ட்ஸ் ஆளைச் சரியாகத்தான் எடைபோட்டது. இடத்தை எடைபோட்டதில்தான் கோளாறு.

டெய்லர் மாதிரி ஆட்கள் வந்தபின் அவர்களைத் தடுப்பவருக்கு மவுசு கூடியது. வலது கைக்காரக் குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடது பக்கம் இருக்கும். 1985 நவம்பரில் டெய்லர் பிடித்தபோது வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்து, அதோடு அவர் ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. அந்த இடது பக்கத்தைக் காப்பவர்தான் லெஃப்ட் டேக்கிள். 1993ல் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் விருப்பமான அணிக்குப் போகலாம் என்றானதும், அதுவரை பெயர்கூடத் தெரியாமல் இருந்த இந்த ஆட்களின் சம்பளம் எகிறியது. 1997ல் ஆர்லாண்டோ பேஸ் என்ற டேக்கிளே முதல் பெயர். ரன்னிங் பேக் கடைசியாக முதல் இடத்தில் போனது 1995ல், கி-ஜானா கார்ட்டர். அதற்குப் பிறகு ஒருவர்கூட இல்லை.

சம்பளம் இல்லாத அட்டவணை

1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது, அணியின் பங்குதாரரும் பொறியாளருமான மைக் மெக்காய் ஒரு அட்டவணை போட்டார். முதல் வாய்ப்புக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600, பத்தாவதுக்கு 1,300, பதினாறாவதுக்கு 1,000. வாய்ப்புகளை மாற்றிக்கொள்ளும்போது கூட்டிக் கழித்துப் பார்க்க வசதி. சீக்கிரமே லீக் முழுக்க இது பரவியது. எங்கள் தொழிலில் இதை லுக்அப் டேபிள் என்போம். நல்ல டேபிள்தான், ஆனால் அதில் இரண்டு பத்தி விட்டுப்போயிருக்கிறது: ஆள் ஆடும் இடம், அவருக்குக் கொடுக்கும் சம்பளம்.

பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் 2000களில் இந்தச் சம்பளப் பத்தியைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அப்போது முதல் வாய்ப்பில் வருபவருக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தைக் கழித்துப் பார்த்தால், இரண்டாம் சுற்று ஆட்கள்தான் அணிக்கு அதிக லாபம் தருகிறார்கள் என்று வந்தது. இன்னொன்றும் சொன்னார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான். காசு சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல்.

இது என் வாதத்துக்கு முக்கியம். ஆளைப் பற்றிய நம் தீர்ப்பு இவ்வளவு பலவீனம் என்றால், ஓரளவு நிச்சயமாகத் தெரிவது இடத்தின் விலை மட்டும்தான்.

பிறகு 2011 ஒப்பந்தம் வந்தது. 2010ல் முதலில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டுமே 5 கோடி டாலர். அடுத்த வருடம் முதலில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து சுமார் 2.2 கோடி. புதிதாக வருபவர் எந்த இடத்தில் ஆடினாலும் அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே சம்பளம் என்று ஆக்கிவிட்டார்கள். விளைவை எளிதாக ஊகிக்கலாம். வெளிச் சந்தையில் யாருக்கு அதிக விலையோ, அவரை டிராஃப்ட்டில் எடுத்தால்தான் அதிக மிச்சம். குவார்ட்டர்பேக்தான் அது. 2011 முதல் 2025 வரை நடந்த 15 டிராஃப்ட்டில் 11 முறை முதல் பெயர் குவார்ட்டர்பேக். மீதி நாலில் மூன்று பேர் அவரைத் துரத்துபவர்கள், ஒருவர் அவரைக் காப்பவர்.

அப்படியானால் ஓடுபவர்?

2018ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது வாய்ப்பில் சேக்வான் பார்க்லியை எடுத்தது. ரன்னிங் பேக். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது அவருக்கு. அணி 5 வெற்றி, 11 தோல்வி. 1981 நியூ ஆர்லியன்ஸ் கதை அப்படியே மறுபடி. அதே டிராஃப்ட்டில் ஜாஷ் ஆலன் ஏழாவதாகவும், லமார் ஜாக்சன் 32வதாகவும் போனார்கள். இருவரும் குவார்ட்டர்பேக்குகள், இருவருமே பின்னால் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்கள்.

இப்போது பார்க்லியின் பக்கத்திலிருந்து பாருங்கள். இடி வாங்கி இடி வாங்கி ஓடும் வேலை. ஓடுபவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பு நன்றாக ஒத்துழைப்பது முதல் நாலைந்து வருடம். சரியாக அந்த வருடங்களில்தான் புதுமுகச் சம்பளத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அது முடிந்தாலும் அணி 'ஃபிரான்சைஸ் டேக்' போட்டு இன்னும் ஒரு வருடம் பிடித்து வைக்கலாம். 2023ல் அந்த டேக்கின் தொகை குவார்ட்டர்பேக்குக்கு சுமார் 3.2 கோடி டாலர், ரன்னிங் பேக்குக்கு சுமார் 1 கோடி. பிட்ஸ்பர்க்கின் லெவியான் பெல் இதை எதிர்த்து 2018 சீசன் முழுக்க ஆடாமலே இருந்தார். 2023 ஜூலையில் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூமில் கூடி என்ன செய்வது என்று பேசிப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

2024ல் பார்க்லி ஒருவழியாக வெளிச் சந்தைக்கு வந்தார். எடுத்தது பிலடெல்பியா ஈகிள்ஸ், மூன்று வருடத்துக்கு 3.775 கோடி டாலர். அந்த சீசனில் 2,005 கெஜம் ஓடினார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்தது. அதே ஆள், அதே இடம். அப்படியானால் ரன்னிங் பேக்குக்கு மதிப்பே இல்லை என்று சொல்பவர்கள் பேச்சு எடுபடாது. மலிவாக வெளியில் வாங்க முடிகிற ஒன்றுக்கு இரண்டாவது டிராஃப்ட் வாய்ப்பைச் செலவழித்ததுதான் ஜயன்ட்ஸ் செய்த பிழை. வெளியில் எளிதில் கிடைக்காத இடங்களுக்கு டிராஃப்ட்டை வைத்துக்கொண்டு ஓடுபவரைச் சந்தையில் வாங்கியது ஈகிள்ஸ்.

என்னைக் கேட்டால், முதல் வாய்ப்பு கையில் இருக்கும் அணி கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். இந்த இடத்துக்கு வெளியில் என்ன விலை? இதே தரத்தில் மூன்றாம் சுற்றில் ஆள் கிடைக்குமா? இவர் உச்சத்தில் எத்தனை வருடம் ஆடுவார்? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை குவார்ட்டர்பேக், பிறகு அவரைத் துரத்துபவர், பிறகு அவரைக் காப்பவர் என்றே வரும். ஒப்பந்த விதிகளோ ஆட்ட விதிகளோ மாறினால் இந்த வரிசையும் மாறும்.

ஆனால் இந்தக் கணக்கில் "மிச்சம்" என்று நான் எழுதியது யாருடைய பணம்? நல்ல டிராஃப்ட் என்று நாம் பாராட்டுவது, சந்தையில் ஒருவர் பெறக்கூடிய கூலிக்கும் அவருக்குக் கொடுத்த கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். குவார்ட்டர்பேக்குக்கு அதைத் திரும்பச் சம்பாதிக்கப் பத்துப் பதினைந்து வருட ஆட்டம் மிச்சம் இருக்கிறது. ஓடுபவருக்கு அது இல்லை. ஒரு விதத்தில் பெர்வாங்கரின் நிலைமை பரவாயில்லை. அவருக்கு ஃபோம் ரப்பர் வேலை கிட்டத்தட்ட சமமான மாற்றாக இருந்தது. இன்றைக்கு 21 வயதில் டிராஃப்ட்டுக்கு வரும் ஒரு ரன்னிங் பேக்குக்கு அப்படி எழுந்து போக ஓர் இடம் கிடையாது.