வெள்ளையடித்த வயர்கள்

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் பென்னாகரம் பக்கத்திலும் உண்டு. பழைய ஓட்டு வீடுகளில் மட்டை சுவரில் ஏறும்போது, ரீப்பர் கட்டையில் ஓடும் கரண்ட் வயரும் சேர்ந்து வெள்ளையாகிவிடும். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் வயரின் மேலுறை எதனால் ஆனது, அதன் மேல் பூசுவது எது என்பதைப் பொறுத்து வயரின் ஆயுள் மாறுகிறது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி பென்னாகரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது.

பைக்காராவில் 1932இல் நீர்மின்சாரம் தொடங்கியது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, 1937இல் அங்கும் மின் உற்பத்தி ஆரம்பமானது. அந்த நீர்த்தேக்கத்தின் தண்ணீர் பென்னாகரம் தாலுகாவில் உள்ள நாகமரை வரை வந்து நிற்கும். (அப்போது இதெல்லாம் சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான்.) தண்ணீர் பக்கத்தில் இருந்ததே தவிர, சுற்றுவட்டாரக் கிராமங்களில் எல்லா வீட்டுக்கும் கரண்ட் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

அந்தக் காலத்து வயர் ரப்பர் வயர். ரப்பரில் கலந்த கந்தகம் செம்பைத் தின்றுவிடும் என்பதால் செம்புக் கம்பிக்கு ஈயம் பூசுவது போல வெள்ளீயம் பூசி, அதன் மேல் ரப்பரை ஏற்றினார்கள். சுண்ணாம்பு இந்த ரப்பரைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஈரச் சுண்ணாம்பு சுவிட்சுக்குள்ளும் ஜாயிண்டிலும் இறங்கினால்தான் ஷாக் அடிக்கும். ரப்பருக்கு உண்மையான எதிரி எண்ணெய் பெயிண்ட். டர்பன்டைன் பட்டால் ரப்பர் உப்பும். அதைவிட மோசம், பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்காகச் சேர்க்கும் கோபால்ட், மாங்கனீசு உப்புகள். எண்ணெயைக் காற்றோடு சேர வைத்துக் காய வைப்பது அவற்றின் வேலை. அதே வேலையை ரப்பரிடமும் காட்டும். கதவுக்கு அடித்த பச்சைப் பெயிண்டை அப்படியே ரீப்பருக்கும் இழுத்துவிட்ட வீடுகளில் உள்ளே இருந்த ரப்பர் வெடித்துப் பொடியாக இதுவும் ஒரு காரணம்.

பிறகு வந்தது பி.வி.சி. 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்பவர், உலோகத்தோடு ரப்பரை ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ வளையும் பி.வி.சி! அதே குட்ரிச்சின் கூட்டுடன் கெம்பிளாஸ்ட் நிறுவனம் 1967இல் மேட்டூரில் பி.வி.சி. தயாரிப்பைத் தொடங்கியது. பென்னாகரத்துக்கு அணையும் அக்கம்பக்கம், வயரின் மேலுறைக்கான பிளாஸ்டிக்கும் அக்கம்பக்கம்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே தெரியும். வயர் வளைவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற இளக்கி. இந்த இளக்கி ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேலே எனாமல் பெயிண்ட் பூசினால் மெதுவாக அதற்குள் ஊறிப் போகும். பெயிண்ட் பிசுபிசுக்கும், வயர் விறைக்கும். தின்னர் கலந்த பெயிண்டானால் இளக்கியைக் கரைத்தே எடுத்துவிடும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வயரை அசைக்காத வரை எந்தக் குறையும் தெரியாது, விளக்கு ஒழுங்காக எரியும். ஃபேன் மாட்ட ஒருவர் வந்து வயரை இழுத்து வளைக்கும் நாளில்தான் மேலுறை கீறும்.

இன்னொரு ஆபத்துக்கு வேதியியல் தேவையில்லை. சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். எல்லாவற்றுக்கும் ஒரே கிரீம் கலர் அடித்துவிட்டால் ஏணியில் நிற்கும் வயர்மேன் எதை நம்புவார்? டெஸ்டரை எடுக்க மறந்தால் அவர் உயிருக்குத்தான் ஆபத்து. வயரிங்கில் செம்புக்குப் பதில் அலுமினியம் புழங்கிய காலத்து வீடுகளில் சுண்ணாம்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். ஜாயிண்டுகள் அப்படித்தான் சூடேறத் தொடங்கும்.

பெயிண்டை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. வெயில் படும் வயருக்கு ஒரு பூச்சு ஓரளவு நிழல்தான். இப்போதைய எமல்ஷன் தண்ணீரில் கரைவது, பி.வி.சி.யை அவ்வளவாகத் தொடாது. புது வீடுகளில் வயர் சுவருக்குள்ளேயே போய்விட்டது. பழைய வீடுகளில் மட்டும் இன்னும் ரீப்பரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தை மாதமும் ஒரு பூச்சு கூடிக்கொண்டு.