மலைக்கு வந்த வழியும் வெள்ளம் மாற்றிய வழியும்



பொன்விழா மலரில் பங்கின் வரலாறு எழுதப் புகுவோர், கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது எப்போது, மணிக்கூண்டு எவர் காலத்தில் எழுந்தது, எந்தெந்தக் குருக்கள் பணியாற்றினர் என்று வரிசைப்படுத்துவது வழக்கம். அவ்விவரங்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எழுத விழைவது கோயிலுக்கும் முந்திய ஒன்றைப் பற்றி. நம் முன்னோர் எந்த வழியாக இம்மலைக்கு ஏறி வந்தார்கள், 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் மலையின் வழிகள் என்ன ஆயின, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொண்டாடும் வழக்கத்தை லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த விழாவைக் கொண்டாடிய மக்கள், பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள் நடந்து வந்தவர்களின் பிள்ளைகள். நடந்து வந்த வழியை மறவாதிருப்பது அவர்களுக்குச் சமயக் கடமையாகவே இருந்தது. நடந்தே வந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கும் அக்கடமை உண்டு.

கிழக்கே ஒரு வாசல்

மூணாறு மலைகளுக்கு முதன்முதலில் தடம் போட்டவர்கள் முதுவர்கள். மதுரைப் பக்கமிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தோம் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. தோட்டங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இக்காடுகளில் எந்த ஓடையை எங்கே கடக்கலாம் என்று அறிந்திருந்தவர்கள் அவர்களே.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். சின்கோனாவும் காப்பியும் பயிரிட்டுப் பார்த்தபின் தேயிலையே நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்டது. தோட்டங்கள் பெருகப் பெருக ஆட்கள் தேவைப்பட்டனர். கங்காணிமார் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளுக்குச் சென்று, முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். மழை பொய்த்த ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் புறப்பட்டனர்.

அவர்கள் வந்து சேர்ந்த வாசல் போடிநாயக்கனூர். போடிக்கு இரயில் வந்தது 1928இல்தான். அதற்கு முன்பு அவ்வூர் வரையிலுமே வண்டியிலும் நடையிலுமாகத்தான் வரவேண்டும். போடியிலிருந்து கொட்டகுடி சுமார் 15 கிலோமீட்டர். அங்கிருந்து செங்குத்தான மலைத்தடம் மேலே டாப் ஸ்டேஷனை நோக்கி ஏறுகிறது. தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக அத்தடத்தில் ஏறியவர்களே நம்முள் பலருக்குப் பாட்டன் பாட்டிமார். வெப்பமான ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் முதன்முதலாகக் குளிரையும் அட்டைக்கடியையும் அறிந்தது அத்தடத்திலேதான்.

அவர்களோடு விசுவாசமும் மலையேறியது. ஜெபமாலையையும் சிறிய சுரூபத்தையும் துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர்கள் நம் கத்தோலிக்கக் குடும்பத்தார். அவர்களுடைய ஆன்ம நலனுக்கென்று ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைக் குருவான அருட்தந்தை அல்போன்ஸ் 1898இல் மூணாற்றில் கார்மேல் அன்னை ஆலயத்தை நிறுவினார். இம்மலைநாட்டின் தாய்க்கோயில் அதுவே. 1930இல் விஜயபுரம் மறைமாவட்டம் உருவானபோது அதன்கீழ் வந்த அவ்வாலயம், 2024இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. நம் பங்கும் அத்தாயின் மடியிலிருந்து கிளைத்ததே.

மலைமேல் ஓடிய இரயில்

இளைஞர் பலர் நம்ப மறுக்கும் செய்தி ஒன்று உண்டு. போடிக்கு இரயில் வருமுன்னே மூணாற்றில் இரயில் ஓடியது! 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு வண்டிப்பாதை வெட்டப்பட்டது. பின்பு அப்பாதையோரமாக ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. சிறிய சக்கரம் தண்டவாளத்தில் உருள, பெரிய சக்கரம் தரையில் உருண்டு நிலைகொடுக்க, மாடுகள் அதை இழுத்தன. 1908இல் அதற்குப் பதிலாக இரண்டடி அகலமுள்ள சிறு இரயில் பாதை வந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் என்று அதற்குப் பெயர். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலார் என நிலையங்கள் இருந்தன. நீராவி எஞ்சின் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுசெல்லும். அங்கிருந்து ரோப்வே என்னும் கம்பிவடத்தில் 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியை அடையும். பிறகு மாட்டுவண்டியில் போடிக்குப் போகும். மேல் நிலையம் டாப் ஸ்டேஷன் என்றும் கீழ் நிலையம் பாட்டம் ஸ்டேஷன் என்றும் பெயர் பெற்றது இதனால்தான்.

மேற்கே மற்றொரு வழி இருந்தது. ஆலுவாயிலிருந்து கோதமங்கலம், குட்டம்புழை, பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாற்றை அடையும் பழைய ராஜபாதை அது. இரு திசையிலும் கதவு திறந்திருந்த வீடு போல மலை இருந்தது.

தொண்ணூற்றொன்பது வெள்ளம்

1924 ஜூலை மாதம், கொல்லம் ஆண்டு 1099. ஆகையால் பெரியவர்கள் இதனைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். மாதத்தின் நடுவில் தொடங்கிய மழை ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஓயவில்லை. திருவிதாங்கூர், கொச்சி, மலபார் நாடுகள் தண்ணீரில் மிதந்தன. மூணாற்றில் நிகழ்ந்ததோ இன்னும் கொடிது. மாட்டுப்பட்டிப் பக்கத்தில் இரு மலைகளுக்கு இடையே சரிந்த மண்ணும் மரங்களும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் அணை கட்டியதுபோல் தேங்கியது. அவ்வடைப்பு உடைந்தபோது மூன்று ஆறுகள் கூடும் மூணாற்று நகரத்தின்மேல் வெள்ளம் பாய்ந்தது. இரயில் பாதை அடியோடு அழிந்தது. மேற்கே கரிந்திரி மலை இடிந்து விழ, ராஜபாதையும் அதனோடு போயிற்று.

இரயில் மீண்டும் போடப்படவில்லை. மூணாற்றில் நிலையமாக இருந்த கட்டிடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. ராஜபாதையும் பழைய இடத்தில் திரும்ப அமையவில்லை. நேரியமங்கலம், அடிமாலி வழியாக வேறொரு சாலை வெட்டப்பட்டது. 1935இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் திறக்கப்பட்டதும் அதுவே பெருவழியாயிற்று. இன்று கொச்சியிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள், தாங்கள் செல்லும் வழியை அமைக்கக் காரணமாயிருந்தது ஒரு வெள்ளம் என்பதை அறியமாட்டார்கள். பழைய ராஜபாதையை மீண்டும் திறக்க வேண்டுமென்று அப்பகுதி மக்கள் 2025இலும் அதன் வழியே நடந்து கோரிக்கை வைத்தனர். நூறு ஆண்டு கழிந்தும் மக்கள் மனத்தில் அவ்வழி அழியவில்லை.

நாம் நடந்து கண்டது

பொன்விழா ஆயத்தத்தின் ஒரு பகுதியாக, வனத்துறையின் அனுமதி பெற்று, இளைஞர் சிலரோடும் வழிகாட்டி ஒருவரோடும் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை நாம் நடந்தோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் மாண்டதை நாம் அறிவோம். ஆதலால் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி எவரும் இத்துணிவு கொள்ளலாகாது என்று இளைஞர்களுக்கு இங்கேயும் எச்சரிக்கிறோம்.

கீழே மாவும் தென்னையும், சற்று மேலே காப்பியும், அதற்கும் மேலே புல்வெளியும் சோலையுமாகத் தடம் ஏறுகிறது. வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூர் இருக்கிறது. நிலையம் இல்லாத ஊருக்கு நிலையத்தின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓடை குறுக்கிடும் இடங்களில் பழைய தடம் அரித்துப்போய், நடப்பவர்கள் மேற்புறமாகச் சுற்றிப் புதுத்தடம் போட்டிருக்கின்றனர். ஐம்பதைத் தாண்டிய நம் முழங்கால்கள் அவ்விடங்களில் வெகுவாக முறையிட்டன. காலணியும் குடிநீரும் கைத்தடியும் கொண்டு பகலில் நடந்த நமக்கே இவ்வளவு சிரமம் என்றால், பிள்ளைகளோடு ஏறிய அந்தத் தாய்மார்களை என்ன சொல்வது?

ஒன்றை அங்கே உணர்ந்தோம். பொருட்செலவில் போடப்பட்ட இரயிலை வெள்ளம் கொண்டுபோயிற்று. அரசர் பெயரால் விளங்கிய சாலையும் போயிற்று. ஏழைகளின் கால் போட்ட தடமோ, அரித்த இடத்தில் விலகி, சரிந்த இடத்தில் சுற்றி, இன்றும் மேலே போய்ச் சேருகிறது. அது தண்ணீரோடு போட்டியிடவில்லை. தண்ணீருக்கு இடம் விட்டது.

இன்றைய பாடம்

இது பழங்கதை என்று எண்ணற்க. 2018 ஆகஸ்டில் பெரியவரைப் பாலம் உடைந்து மறையூர்ப் பக்கத்துப் போக்குவரத்து அறுந்தது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் மடிந்தனர். அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மடிந்தோரில் பலர் கயத்தாறுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர். நம் பாட்டன்மாரைப் போலவே பிழைப்புக்காக மலையேறி வந்தவர்களின் வாரிசுகள். தங்கள் வீட்டை எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. எவரோ காட்டிய இடத்தில் அவர்கள் குடியிருந்தார்கள்.

தீர்மானிக்கும் உரிமை உள்ள இடத்திலாவது நாம் விழிப்பாக இருக்க வேண்டாமா? பொன்விழா நினைவாக மண்டபம் ஒன்று கட்ட விரும்பியபோது, ஓடைக்கரையில் சமதளமான இடம் இருக்கிறது, செலவு குறையும் என்று நம்மிடையே சிலர் கூறினர். முதியவர்களோ மழைக்காலத்தில் ஓடை எதுவரை ஏறியது என்று நேரில் காட்டினார்கள். பங்குப் பேரவை இருமுறை கூடி ஆராய்ந்தது. முடிவில் மண்டபம் சிறியதானாலும் மேட்டிலேயே கட்டுவதென்று தீர்மானித்தோம். சமதள இடத்தை விரும்பியவர்களுக்கு மனக்குறை இருக்கலாம். அவர்கள் இக்கட்டுரையை நம் மறுமொழியாகக் கொள்வார்களாக.

பங்குமக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லங்களில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால், அவர்களுடைய தாய் தந்தையர் எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஆண்டு மழையில் எந்த மேடு சரிந்தது, எந்த ஓடை திசை மாறியது என்பதையும் கேளுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டைப் போலவே அதையும் நம் கோயிலில் பாதுகாப்போம். பிறகு வரும் குருவானவர்களுக்கும் பங்கினருக்கும் அது பயன்படும்.

வழியில் மாண்டு மலையிலேயே அடக்கமானவர்களுக்கும், 1924இலும் 2020இலும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் மடிந்தவர்களுக்கும் பொன்விழா நாளன்று ஒரு பலிபூசை ஒப்புக்கொடுப்போம். கார்மேல் அன்னை நம் லயங்களையும் பிள்ளைகள் நடந்து போகும் பாதைகளையும் காத்தருள்வாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத்தந்தை