பனிப்படிக ஒளிப்படக்கலை

வானிலிருந்து விழும் பனிப்படிகத்தை, அது உருகுவதற்குள் பல மடங்கு பெரிதாக்கிப் படமெடுக்கும் கலை. படிகம் ஒன்றின் அகலம் பெரும்பாலும் சில மில்லிமீட்டருக்குள் அடங்கும். விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாமலும் முடியும். குளிர் இல்லாமல்தான் முடியாது. தொடக்கம் முதலே இது கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியவர்களின் துறை.

படிகத்தின் ஆறு முனைகளைச் சீனர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார்கள். வானியலாளர் கெப்ளர் 1611-இல் தம் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறுநூல் எழுதி, ஏன் எப்போதும் ஆறு என்று கேட்டார். விடை அவருக்கும் கிட்டவில்லை. ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’வில் பனிப்படிகங்களை வரைந்து காட்டினார். ஜப்பானில் கோகா பகுதியின் சிற்றரசர் டோய் தோஷித்சுரா, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த 86 உருவங்களை 1832-இல் நூலாக்கினார்.

ஒளிப்பட வரலாற்றில் பெயர்பெற்றவர் வில்சன் பென்ட்லி (1865–1931). அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், ஜெரிகோ ஊரில் வாழ்ந்த விவசாயி. பெட்டிக் கேமராவோடு நுண்ணோக்கியைப் பிணைத்து, 1885 ஜனவரி 15 அன்று முதல் படத்தை எடுத்தார். கேமராவின் பின்னால் நின்றால் ஃபோகஸ் திருகு கைக்கு எட்டாது. சக்கரமும் கயிறும் கட்டி எட்டவைத்தார். கருப்புப் பலகையில் பனியை ஏந்தி, நல்ல படிகத்தை மெல்லிய மரக்குச்சியால் கண்ணாடிச் சில்லுக்கு மாற்றுவார். வான்கோழி இறகால் தட்டையாக அமர்த்துவார். வேலை முழுவதும் கணப்பு இல்லாத கொட்டகையில், மூச்சை அடக்கிக்கொண்டு. இப்படி 5000-க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அவற்றில் 2400-க்கு மேல் அவர் இறந்த 1931-இல் நூலாக வந்தன.

நெகட்டிவில் படிகத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கத்தியால் சுரண்டிப் பின்னணியைக் கருப்பாக்குவது பென்ட்லியின் வழக்கம். இது படத்தைத் திருத்துவதாகும் என்று ஜெர்மானிய வானிலையாளர் ஹெல்மன் குறைகூறினார். பின்னணியைத் துடைப்பது படிகத்தை மாற்றுவதாகாது என்பதால் அக்குறை பொருட்படுத்தத் தக்கதன்று.

படிகங்களின் வகைப்பாட்டில் ஜப்பானின் உகிச்சிரோ நகாயா முக்கியமானவர். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 1936-இல் முயல்முடியின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தவர். வடிவத்தைத் தீர்மானிப்பவை வெப்பநிலையும் ஈரப்பதமும் என்று காட்டினார்: சுழியத்துக்குக் கீழே 2 டிகிரி செல்சியஸை ஒட்டித் தட்டு, 5 டிகிரியில் ஊசியும் தூணும், 15 டிகிரியை ஒட்டி, ஈரம் மிகுந்தால், கிளைவிட்ட விண்மீன். அவர் பிரித்த வகைகள் 41. ஆய்வாளர்கள் மகோனோவும் லீயும் 1966-இல் அவற்றை 80 ஆக்கினர். 2013-இல் வந்த பட்டியலில் 121. படமெடுப்பவருக்கு இத்தனையும் வேண்டாம். வெப்பமானியில் 15 டிகிரி உறைகுளிர் காட்டினால் வெளியே ஓடலாம் என்பது போதும்.

மலிவான முறைகளில் ஒன்று லென்ஸைத் திருப்பி மாட்டுவது. பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸை 200 மி.மீ. லென்ஸின் முன்னால் முகத்தோடு முகம் பொருத்தினால் 4 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும், 3 மி.மீ. படிகம் சென்சாரில் 12 மி.மீ. ஆகும். மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்ஸி கிளியாத்தவ், சோவியத் ஜெனித் கேமராவோடு வந்த ஹீலியோஸ் லென்ஸைத் திருப்பி, சாதாரண கேனான் கைக்கேமராவின் முன்னால் பலகையில் பொருத்தி எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. கருங்கம்பளித் துணியில் விழும் படிகம் இழைகளின் மேல் தூக்கி நிற்கும்; அடியில் தட்டையாக ஒட்டாததால் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். ஃபோகஸ் ஆழம் மில்லிமீட்டரில் சிறு பின்னமே என்பதால் கேமரா படிகத்துக்கு நேர் செங்குத்தாக இருக்கவேண்டும். கருவிகளை முன்கூட்டியே வெளியே வைத்துக் குளிரவிட வேண்டும். இன்று செல்போனில் ஒட்டும் சிறு லென்ஸ்களாலும் எடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் படிகமாகப் பனி பொழிவதில்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தலைக்குந்தா, காந்தல் பகுதிகளில் புல்மேல் படியும் உறைபனி வேறு வகை: மேகத்தில் வளராமல், காற்றின் ஈரம் இலைமேலேயே நேராகப் பனிக்கட்டியாவது. ஆயினும் அதன் ஊசிகளையும் இதழ்களையும் எடுக்க இதே திருப்பிய லென்ஸ் போதும். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும். சமவெளியில், திருக்கோஷ்டியூர், காரைக்குடி வட்டாரத்தில், உறைபனியும் இல்லை. மார்கழி விடியலில் புல்நுனித் துளிகளை எடுத்துப் பழகலாம்; மூச்சுப் பட்டால் அவை உருகிவிடாது.